ஈரத்துணியும் காய்ந்த துணியும்

இன்று காலை கூடத்துக் கதவைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. ஒரு வாரம் வெயிலே இல்லாமல் மழை பெய்தால் நம் தோல் சோபாவில் வரும் பூஞ்சை வாடை. குனிந்து பார்த்தேன். தையல் ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருந்தது.

'நம்' என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும். என் கணவர் காலமான பிறகு நானாகப் பார்த்து வாங்கிய முதல் பொருள் அது. ஊரைவிட்டுப் போகும் ஒரு குடும்பம் விற்றது. அன்று உடன் வந்தவள், பள்ளியிலிருந்தே என் தோழியான நீதான். "யாரோ உக்காந்து தேய்ச்சதை வாங்கி, நீ அதுக்கு சேவகம் பண்ணப் போறியா?" என்று சிரித்தாய். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் மழை ஓய்ந்ததும், பழைய வாயில் பருத்திச் சேலையில் கிழித்த துணியைப் பையில் வைத்துக்கொண்டு, உன் பொம்மனஹள்ளி வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவாய்.

தோலில் ஈரம் தங்கக் கூடாது. சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் நான் ஒரு சாண் துடைத்தால், என் கையை ஒட்டியே உன் காய்ந்த துணி வர வேண்டும். நீ பேச்சு மும்முரத்தில் பின்தங்குவாய்.

"கவனம் எங்கடி இருக்கு? அந்த மூலை ஈரமாவே நிக்குது பாரு."

"கான்வென்ட்ல சிஸ்டர்கிட்ட தப்பிச்சேன், உன்கிட்ட மாட்டிக்கிட்டேன். ஆய்த்தா மேடம், முடிஞ்சுதா? காபி உண்டா, இல்லியா?"

சோபாவுக்கு க்ரீம் பூசி முடியும்வரை காபி கிடையாது என்பேன்.

போன வருஷம் மழை நடுவில் நீ போன் செய்தாய். எப்போதும் நான்தான் கூப்பிடுவேன்.

"சோபா துடைக்க நாளைக்கு வரட்டுமாடி?"

"இந்த மழையிலயா? இப்ப துடைச்சா மறுவாரமே பூஞ்சை வந்துடும். மழை விடட்டும், நானே சொல்றேன்."

"சரி மேடம்" என்றாய். ஆனால் போனை உடனே வைக்கவில்லை. உன் பக்கமும் மழை பெய்யும் சத்தம் கேட்டது.

மழை விடுவதற்குள் உன் மகன் கூப்பிட்டு, நீ இறந்துவிட்டதாகச் சொன்னான். சில நாட்களாகவே உனக்கு நெஞ்சு வலித்ததாம். யாரிடமும் சொல்லவில்லையாம்.

தோலைப் பற்றி நான் சொன்னதில் தவறில்லை. யார் கேட்டாலும் இன்றும் அதையேதான் சொல்வேன். ஆனால் நீ சோபாவுக்காகவா கேட்டாய்?

கடைசியாக வந்தபோது நீ விட்டுப்போய், நான் அலமாரியில் மடித்து வைத்திருந்த உன் சேலைத் துணியை இன்று எடுத்தேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, தனியாகத் துடைக்க உட்கார்ந்தேன். ஒரு துணியை வைத்துவிட்டு மற்றதை எடுப்பதற்குள் ஈரம் தோலில் இறங்கிவிடுகிறது. கைப்பிடியில் ஒரு கறைத் திட்டு விழுந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளில் அதுதான் முதல் திட்டு.

அடுத்த வாரம் பூஞ்சை திரும்ப வந்துவிடும். வந்தால் மறுபடி துடைக்கலாம், நீயும் மறுபடி வா என்று அன்று சொல்லியிருக்கலாம்.