சுவருக்குள் அழும் பிள்ளை

அக்டோபர் 5, 2014, ஞாயிறு

ஒன்பதரைக்கு மறுபடியும் கார் சாவிச் சத்தம். போய்ப் பார்த்தால் கூடத்தில் யாருமில்லை, சாவி ஆணியில் தொங்குகிறது. என் வீட்டுக்காரர் டெஸ்மண்ட் போய் ஏழு வாரம் ஆகிறது. செத்தும் ஞாயிற்றுக்கிழமை வீடு தங்க மாட்டார் போல.

நாற்பது வருஷம், குளிர்காலம் போக ஒரு ஞாயிறு தவறாமல் இருபது மைல் ஓட்டிப் போய், வெல்பரி கோட்டைக்கு வருகிறவர்களுக்குச் சும்மாவே கதை சொன்ன மனுஷன். நான் சர்ச்சில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருப்பேன். ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. சக்களத்தி வீட்டுக்கு யாராவது போவார்களா? அதுவும் எண்ணூறு வயதுச் சக்களத்தி.

அக்டோபர் 8

கோட்டையைப் பார்த்துக்கொள்ளும் பெண், ஹேசல் பிரிட்சர்ட், போன் செய்தாள். புதிதாக விளக்கப் பலகைகள் வைக்கிறார்களாம்.

"மிஸஸ் ஹாப்கிராஃப்ட், அவரோட குறிப்பு அட்டையெல்லாம் இருக்கா? அந்தக் குழந்தை கதைக்கு மட்டும் எங்கயுமே ஆதாரம் கிடைக்கல. ஆதாரம் இல்லன்னா எடுத்துடணும்."

எந்தக் குழந்தை என்றேன்.

"வடக்குச் சுவர்ல புதைச்ச குழந்தை. காத்து அடிச்சா அழுமே, அது. நீங்க கேட்டதில்லையா?"

கேட்டதில்லை. வீட்டில் பிள்ளை என்ற பேச்சை எடுத்தாலே கிணற்றில் போட்ட கல் மாதிரி இருப்பார். வெளியே கதையா சொல்லிக்கொண்டிருந்தார்?

அக்டோபர் 9

பிஸ்கட் டப்பாவைப் பரணிலிருந்து இறக்கினேன். திறக்கவில்லை.

அக்டோபர் 14

திறந்தேன். இருநூறு அட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் 'ஆதாரம்' என்று கோடு போட்டு, எந்த மடத்து ஏடு, எத்தனையாவது பக்கம் என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார். ஆள் அப்படி. ஒரே ஒரு அட்டை மட்டும் வேறு மாதிரி.

'எமலின். கோட்டைக் காவலரின் மகள். வடக்குச் சுவர். காற்று அடித்தால் அழுவாள். ஆதாரம்: மார்ச் 9, 1971.'

எங்கள் மகள் செத்துப் பிறந்த நாள்.

அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகளில் அதுதான் வழக்கம். துணியில் சுற்றி எடுத்துப் போய்விடுவார்கள். எங்கே புதைத்தார்கள் என்று சொல்ல மாட்டார்கள், நாமும் கேட்கக் கூடாது. நான் முகம்கூடப் பார்க்கவில்லை. பெயர் எதற்கு, மறந்துவிடு என்றாள் நர்ஸ். நான் வைத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, எமலின் என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். டெஸ்மண்ட் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

தூங்கலையா நீ? கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தியா?

அக்டோபர் 15

வந்தவன் போனவனுக்கெல்லாம் சொல்லியிருக்கார். என்கிட்ட மட்டும் சொல்லல. பாவி மனுஷா.

நவம்பர் 2

கோட்டை வாசலில் சீட்டுக் கிழிக்கும் ஸ்டான், டெஸ்மண்டின் பூட்ஸையும் பிளாஸ்க்கையும் கொண்டுவந்து கொடுத்தார். தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்:

"மார்ச்சுல பூட்டித்தான் கெடக்கும், ஈஸ்டருக்குத்தான் தெறப்போம். ஒம்பதாம் தேதி மட்டும் அவன் வந்து சாவி வாங்குவான். எதுக்குடான்னா, 'ஒருத்திக்குப் பொறந்த நாள்'பான். உனக்குத்தான்னு நெனச்சேன், பெரில். ஒவ்வொரு வருஷமும் உன்னை வாழ்த்தச் சொல்லி அனுப்புவேனே, சொன்னானா?"

எனக்கு ஜூனில் பிறந்தநாள். மார்ச் ஒன்பது என்றால் தலைவலி என்று கதவைச் சாத்திப் படுத்துவிடுவேன். "கடை வரைக்கும் போய்ட்டு வரேன்" என்பார். நானும் ஒரு வருஷமாவது எதற்கு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பிப்ரவரி 20

ஹேசல் மறுபடி கேட்டாள். பலகை அச்சுக்குப் போகிறதாம். அந்த அழுகைக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டாளாம்: சுவருக்குள் பழைய கழிப்பறைத் துவாரம் ஒன்று, மேற்குக் காற்று அதில் நுழைந்து ஊதுகிறது. "சாரி," என்றாள். கதையை எடுத்துவிட்டால் எமலின் பெயரைச் சொல்ல உலகத்தில் ஒரு வாய் இருக்காது. மார்ச் வரை பொறு என்றேன்.

மார்ச் 9

ஸ்டான் பூட்டைத் திறந்துவிட்டார். ஒரு மேடு, ஒரு பள்ளம், செம்மறி ஆடுகள், ஒற்றைச் சுவர். மீதிக் கோட்டை எங்கே என்றேன். "சுத்துப்பட்டுப் பன்னிக்கொட்டாயில எல்லாம் போய்ப் பாரு. கல்லைப் பேத்துக் கட்டிக்கிட்டாங்க," என்று சொல்லிவிட்டு என்னைத் தனியே விட்டுப் போனார்.

சுவரில் ஒரு பொந்து. யார் யாரோ வைத்த கூழாங்கற்கள், காய்ந்த டெய்சிப் பூக்கள். ஒரு மணி நேரம் நின்றேன், கால் விறைத்துவிட்டது. பதினொன்றே காலுக்கு மேற்குக் காற்று எழுந்தது.

அழுதாள்.

கழிப்பறைத் துவாரம்தான். எனக்குத் தெரியாதா? ஆனால் பிறந்தபோது என் பிள்ளை அழவில்லை. அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தோம். அவரும் கதவுக்கு வெளியே காத்துக்கொண்டிருந்தார்.

சுவரில் கை வைத்துக்கொண்டு நானும் அழுதேன். பிறகு அட்டையை எடுத்து, தேதிக்குக் கீழே எழுதினேன்: 'தாய் சொன்னது.'

மார்ச் 11

அட்டையை ஹேசல் நெடுநேரம் பார்த்தாள். "பலகையில போட முடியாது. வாயால சொல்லலாம். ஆனா சொல்றதுக்கு ஆள் இல்லையே," என்றாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஆர்கனுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். ஒன்பதரைக்குச் சாவிச் சத்தம் கேட்டது. நான்தான் எடுத்தேன்.

பதினோரு மணிக்கு ஒன்பது பேர் வந்தார்கள். வடக்குச் சுவரருகே, வயிறு தள்ளிய ஒரு பெண் கடைசியாக நின்று மெதுவாகக் கேட்டாள், "நெஜமாவே அழுமா?"

"காத்து அடிச்சா அழுவா," என்றேன். "நான் கேட்டிருக்கேன்."