அன்பழிப்பு

பக்கத்து நகரமான ஒஷாவாவிலிருந்து ஒருவர் இன்று எனக்குப் போன் எடுத்தார். லேபலில் பிழை விழுந்த வைன் போத்தல்களைச் சேர்க்கிறவராம், என்னிடம் இருப்பதை வாங்கக் கேட்டார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அலுமாரியிலிருந்து உன் போத்தலை எடுத்தேன். லேபலின் ஒரு மூலை உரிந்திருக்கிறது. சொல் அப்படியே இருக்கிறது.

மில்லிக்கன் பிளாசாவில் உன் கடை. ஆட்கள் வந்து தங்கள் வைனைத் தாங்களே செய்துகொண்டு போகும் கடை. புளித்த திராட்சை மணம் உன் சுவெற்றரிலும் இருக்கும். ஊரில் அல்ல, இந்தக் குளிர்நாட்டில் பிறந்தவள் நீ. முப்பது வயதில் உட்கார்ந்து அ, ஆ எழுதப் பழகினாய். முதல் தமிழ் லேபல் ஒரு கலியாணத்துக்கு. வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு போத்தல், அதன்மேல் ஒற்றைச் சொல்: அன்பளிப்பு.

நான் சப்வே ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாய்.

"அடியே, அன்பளிப்புக்கு எந்த ளி? ரெண்டு இருக்கெல்லோ."

நம் வாயில் இரண்டும் ஒன்றுதான்.

"தமிழுக்கு வாற ழ."

"வடிவாத் தெரியுமோ?"

"கதை எழுதுறவளிட்டைக் கேக்கிற கேள்வியே இது? போடடி."

போட்டாய். எல்லாப் போத்தலிலும். அன்பை அழிப்பது.

மண்டபத்தில் முதலில் ஒரு மேசை சிரித்தது. பிறகு எல்லா மேசையும். மணப்பெண்ணின் தாய் உன்னை வாசலடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் வந்தேன்.

"வாழப் போறதுகளுக்கு இப்பிடியே பிள்ளை எழுதிக் குடுக்கிறது?"

"சொறி அன்ரி. எனக்குத் தமிழ் வராது."

நீ என் பக்கம் திரும்பவில்லை. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காரில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று.

"நீ புத்தகம் போடப் போறவள். நான் வைன்காரி. எனக்கென்ன?"

அந்த மணமக்கள் இருவரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் போத்தலின் படம் ஊரெல்லாம் சுற்றியது. வைத்திருந்தவர்கள் ஷோகேசில் பூட்டினார்கள், இல்லாதவர்கள் உன் கடைக்கு வந்து கேட்டார்கள்.

"லேபலைத்தான் பாக்கினம். ஒருத்தரும் திறக்கினமில்லை. நல்லா வந்த வைனடி," என்றாய்.

அதன்பின் உன் லேபல்கள் எல்லாம் ஆங்கிலத்தில். எழுதிப் பழகிய கொப்பியையும் காணவில்லை. கவனித்தேன். என் புத்தக வேலையைப் பார்த்தேன். இந்தப் பனிமாரியில் நீயும் கண்ணை மூடிவிட்டாய்.

"தமிழ் தெரியாத பிள்ளை ஒண்டு செய்ததாம். அதுதான் அந்தப் போத்தலின்ரை விசேசம்," என்றார் இன்று போனில் ஒஷாவாக்காரர்.

"இல்லை அண்ணை. அவள் கேட்டவள். பிழையாச் சொன்னது நான்."

அவருக்கு ஆவல் கூடியது.

"அப்ப நீங்கள் லேபலிலை ஒரு கையெழுத்து வைப்பியளோ? இன்னும் விசேசம்."

சிரித்துவிட்டேன். நீ போனபின் அப்படிச் சிரிக்கவில்லை. போத்தலைத் தரமாட்டேன், கதையை மட்டும் திருத்திச் சொல்லுங்கோ என்றேன்.

"ஓம் தங்கச்சி. சொல்லுறன்."

ஒருவரிடம் சொல்லியாயிற்று. அந்த மணப்பெண்ணின் தாய் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.