நான்காம் பேனலின் நீலப் புள்ளிகள்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பாவுக்கு இன்றோடு ஐம்பது நாள். எடை ஏறுகிறதா என்று தினமும் தூக்கித் தூக்கிப் பார்க்கிறேன். டாக்டர் சிரிக்கிறார். நீங்கள் அனுப்பிய மஞ்சள் சட்டை இன்னும் தொளதொளவென்று இருக்கிறது.

நம் கடல் சோதனை அறிக்கை வெளிவந்துவிட்டதே. மிதவையில் ஆறு மாதம் கிடந்த சோலார் பேனல்களில், உங்கள் புதுப் பூச்சுப் பூசிய நான்காம் பேனல் மட்டும் உப்புப் படியாமல், மின்சாரம் குறையாமல் இருந்ததாம். எழுதியவர் என்று உங்கள் பெயர் மட்டும். வாரா வாரம் வயிற்றைத் தூக்கிக்கொண்டு படகேறி, அலைக்கு ஒரு வாந்தி எடுத்து அளவு குறித்தவள் நான். அச்சில் விட்டுப்போயிற்றா அக்கா?

உங்கள் பொடிசு

மார்ச் 9

அன்புப் பொடிசுக்கு,

பிள்ளை பெற்றவள் கண்டதையும் யோசித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. விடுப்பில் இருப்பவர் பெயர் வேண்டாம் என்று நம் ஆய்வக டைரக்டர் அடித்துவிட்டார். சண்டையே போட்டேன். மனுஷன் அசையவில்லை.

ஒரு சின்ன விஷயம். உன் நோட்டில் நான்காம் பேனலின் சில தேதிகளுக்குப் பக்கத்தில் நீலப் புள்ளி வைத்திருக்கிறாயே, எதற்கு? அறிக்கையைச் சரிபார்க்கிற குழு கேட்கிறது. ஒரு வரி எழுதினால் போதும்.

பாப்பாவுக்கு என் முத்தம்.

அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்கா,

தூக்கம் இல்லாமல் மூளை மழுங்கிக் கிடக்கிறது. புள்ளியா? யோசித்துச் சொல்கிறேன்.

டைரக்டரிடம் போனில் பேசினேன். "உங்க பேரை நான் ஏம்மா எடுக்கப் போறேன்? மேடம் குடுத்த பட்டியல்தானே அப்படியே போச்சு" என்றார். பாவம், உங்களோடு சண்டை போட்ட ஞாபகமே அவருக்கு இல்லை.

பாப்பாவுக்குக் கழுத்து நிற்க ஆரம்பித்திருக்கிறது.

பொடிசு

மார்ச் 21

பொடிசு,

சரி, நான்தான் எடுத்தேன். பிள்ளை பிறந்தபின் இங்கே யாரும் திரும்பி வந்ததில்லை. நீயும் வரமாட்டாய், உனக்கெதற்கு என்று நினைத்துவிட்டேன். பன்னிரண்டு வருஷமாகக் கடலில் எனக்கு ஒன்றுகூட உருப்படியாக மிதந்ததில்லை. தப்புதான்.

ஒன்றாம் தேதி அதே பூச்சோடு நாற்பது பேனல் கடலில் இறங்குகிறது. பறவை உட்கார்ந்த நாளுக்குப் புள்ளி என்று குழுவிடம் நானே சொல்லிவைத்திருக்கிறேன். சரிதானே? ஆமாம் என்று மட்டும் எழுது. உன் காலில் விழுகிறேன். அறிக்கையைத் திருத்தி உன் பெயரை முதலில் போடுகிறேன்.

அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நாற்பதும் இறங்கிய படத்தைப் பார்த்தேன். எல்லோரும் கைதட்ட, நடுவில் சிரித்த முகமாக நீங்கள்.

நீங்கள் சொன்னது பாதி சரி. மிதவையின் விளக்குக் கம்பத்துக்குப் பக்கம் என்பதால் பறவைகள் அந்தப் பேனலில்தான் வந்து உட்காரும். குடிக்கக் கொண்டுபோன தண்ணீரை ஊற்றி எச்சத்தைக் கழுவுவேன். அதோடு உப்பும் போய்விடும். கழுவிய நாளுக்கு ஒரு புள்ளி. அறிக்கை எழுதும்போது அந்தப் பேனலையே விட்டுவிடுவதாக இருந்தேன். என்னை எங்கே எழுதவிட்டீர்கள்? உங்கள் பூச்சு ஜெயிக்கவில்லை அக்கா. நான் கழுவினேன்.

இதைப் போன மாதம் பதினான்காம் தேதியே எழுதியிருக்கலாம். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள், பேனா கையில் இருந்தது. நாற்பதும் இறங்கட்டும் என்று பேசாமல் இருந்தேன். இப்படிக் காத்திருக்கத் தெரிந்தவளா நான் என்று எனக்கே பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நேற்று இரண்டு வேளையும் வயிறாரச் சாப்பிட்டேன்.

நோட்டை உங்களிடம் கொடுக்குமுன் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்திருந்தேன். நேற்று மாலை குழுவுக்கு அனுப்பிவிட்டேன். இன்று காலையே அவர்கள் கூடி, பேனல்களை எடுக்க வேண்டாம், ஆறு மாதமும் கிடக்கட்டும், நீங்களே வாரா வாரம் போய் அளவெடுங்கள் என்று முடிவு செய்திருக்கிறார்களாம். கூடவே அவர்கள் ஆளும் வருவார். தண்ணீர் பாட்டிலை அவர் கண்ணில் படும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் சட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். அளவு பார்த்ததோடு சரி, பாப்பா போடவே இல்லை.

என் பெயரை முதலில் போடுவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். அந்த அறிக்கையில் உங்கள் பெயர் மட்டுமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா