மூடி போட்டு வைத்த தட்டு

மார்ச் 2

என்னை வீட்டிலிருந்து அப்புறப்படுத்த மனைவி கண்டுபிடித்த இடம் கடல். மருந்துக் கம்பெனிக் கிடங்கில் இருபத்திரண்டு வருடம் மேற்பார்வை பார்த்தவனை, இனி கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதமாக வீட்டு டப்பாக்களை மேற்பார்வை பார்த்துவந்தேன். எது திறந்திருந்தாலும் மூடுவேன். "என் சமையலறையை விட்டுட்டு உங்க தங்கச்சி படகைப் போய் மூடுங்க" என்றாள்.

தங்கச்சி கடல் ஆராய்ச்சிக்காரி. காலை முறித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பதிலாகப் பாய்மரப் படகில் ஏற ஒரு ஆள் வேண்டுமாம். அறிவு தேவையில்லை, கை இருந்தால் போதும் என்றாள். கிளம்பும்போது மனைவி புது ஜாக்கெட் கொடுத்தாள். சிவப்பு பாலியெஸ்டர், பஞ்சு மாதிரி மெத்தென்று. அக்கறைக்குக் குறைச்சலே இல்லை.

மார்ச் 4

வாந்தி.

மார்ச் 5

வாந்தி. நடுநடுவே பாய்மரக் கல்வி. காற்று வரும் திசைக்கு நேராகப் போக முடியாதாம், வளைந்து வளைந்துதான் போக வேண்டுமாம். எங்கள் ஆபீசில் பதவி உயர்வு வாங்கியவர்கள் கரையிலிருந்தே கற்றுக்கொண்டார்கள்.

பாயின் அடிக்கட்டை பக்கம் மாறும்போது குனியணும் என்றார் கேப்டன் அம்மா. "எப்ப மாறும்?" என்று நிமிர்ந்து கேட்டேன். அப்போதுதான் மாறியது. "நல்லவேளை சார், கட்டைக்கு ஒண்ணும் ஆகலை" என்றார்.

மார்ச் 7

தங்கச்சி வேலையை விளக்கினாள். இந்த விரிகுடாவில் ஒரு துணி ஆலை ஏற்கெனவே குழாய் வழியாகக் கழிவுநீர் விடுகிறது. இரண்டாவது குழாய்க்கு அனுமதி கேட்கிறது. 30ஆம் தேதி விசாரணை. தண்ணீரில் எவ்வளவு செயற்கை நூலிழை இருக்கிறது என்று அவள் காட்ட வேண்டும். "இது போச்சுன்னா இந்தக் கடலை மறந்துட வேண்டியதுதான்ணா" என்றாள். மூன்று வருட உழைப்பு.

மெல்லிய வலையைப் படகுக்குப் பின்னால் இழுத்து, சேர்ந்ததை ஜாடியில் கழுவி ஊற்றுவோம். ஒவ்வொரு முறையும் மேல்தளத்தில் ஒரு கண்ணாடித் தட்டு வைக்க வேண்டும். உள்ளே ஈரக் காகிதம், வேறொன்றும் இல்லை. காலித் தட்டுக்குக் காவல். இருபத்திரண்டு வருட அனுபவத்துக்கு ஏற்ற பதவிதான். நாலு பக்க விதிமுறைத் தாளும் தந்தாள். முதல் பக்கம் படித்தேன், புரிந்துவிட்டது.

மார்ச் 9

காற்றில் தூசி பறக்கிறது, தட்டு ஆவென்று திறந்து கிடக்கிறது. இதைக்கூட யாரும் யோசிக்கவில்லை பாருங்கள். சரியாகப் பொருந்தும் மூடி ஒன்று தேடி எடுத்தேன். இனி தினமும் மூடி.

மார்ச் 20

பதினொரு ஜாடி முடிந்தது. தங்கச்சி துள்ளாத குறை. "எல்லா ஜாடியிலும் சிவப்பு இழைண்ணா! தட்டுல ஒண்ணுமே இல்லை, அவ்வளவு சுத்தம்!" மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். அழகாகச் சுருண்டு கிடந்தது. தட்டு சுத்தமாக இருந்ததற்குக் காரணம் யார் என்று தன்னடக்கத்துடன் சொல்லாமல் விட்டேன்.

அறைக்கு வந்தால் ஆணியில் ஜாக்கெட் தொங்குகிறது. படகில் மட்டும் போடும் ஜாக்கெட்.

சிவப்பு.

மார்ச் 21

அவள் சாப்பிடப் போனபோது ஜாக்கெட் பிசிறை லென்சுக்கு அடியில் வைத்தேன். அதே சுருள்.

இரண்டாம் பக்கத்தை இன்றுதான் படித்தேன். படகில் பழைய பருத்தித் துணி மட்டுமே. தட்டு திறந்தே இருக்க வேண்டும். படகில் இருப்பவர்களிடமிருந்து உதிர்வது அதில் விழும், அதைக் கணக்கில் கழிப்பார்கள். ஐயோ, நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்.

சொல்லணுமா? ஆலை ஒன்றும் யோக்கியன் இல்லை. இத்தனை வருடம் எல்லாவற்றையும் மூடியவன், வாயை மூட மாட்டேனா? ஆனால் விசாரணையில் எழுந்து நின்று பேசப்போவது நானில்லை, அவள்.

மார்ச் 22

சொன்னேன். ஜாக்கெட்டையும் மூடியையும் மேசைமேல் வைத்துச் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். ஒற்றைக் காலில் நின்று ஜாடிகளை ஒவ்வொன்றாக மேசைக்கு அடியில் இறக்கினாள். "பதினொரு நாள்ணா" என்றாள், அவ்வளவுதான். அவள் திட்டியிருக்கலாம்.

வாசல்வரை போனவனைக் கூப்பிட்டாள். "இன்னும் எட்டு நாள் இருக்கு. துவைச்சுத் துவைச்சு வெளுத்த பருத்தி ஏதாவது இருக்கா உன்கிட்ட?"

என்னிடம் ஏது? மனைவியிடம் இருக்கிறது.

மார்ச் 24

வெளிர்நீலம், கழுத்தில் குட்டிப் பூக்கள். நைட்டியில் பாய் இழுக்க வசதியாகத்தான் இருக்கிறது, காற்றடிக்கும் வரை. கேப்டன் அம்மா சிரிக்கவே இல்லை. போட்டோ எடுத்துக்கொண்டார்.

தட்டு திறந்திருக்கிறது. கை நமநமவென்கிறது.

மார்ச் 30

ஆலை வக்கீலின் முதல் கேள்வி: "இந்த இழையெல்லாம் படகுல இருந்தவங்க துணியிலிருந்து உதிர்ந்ததா இருக்கலாமே?"

"முதல் பதினொரு ஜாடியில அப்படித்தான் ஆச்சு. அதையெல்லாம் ஒதுக்கிட்டோம்" என்றாள் தங்கச்சி. பிறகு திரையில் அந்தப் போட்டோ. ஆளுயர நான், நைட்டியில், கையில் திறந்த தட்டு. அரங்கமே சிரித்தது. வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. தட்டில் இரண்டு இழை, ஜாடியில் பத்தொன்பது. இரண்டைக் கழித்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 11

இரண்டாவது குழாய்க்கு அனுமதி இல்லை. போனில் சொல்லிவிட்டு, "அடுத்த மாசம் மறுபடி சாம்பிள் எடுக்கணும். தட்டுக்கு நீதான்" என்றாள். அவளுக்குக் கால் சரியாகிவிட்டதே என்று கேட்டேன். "அதுக்கென்ன?" என்றாள்.

சமையலறையில் சர்க்கரை டப்பா திறந்து கிடந்தது. பார்த்தேன். அப்படியே விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 12

எறும்பு. அதற்கும் நான்தான் காரணமாம்.