உங்களுக்கு ஓய்வு கேட்டு வைத்த உபவாசக் கூட்டம்

ஐயா, மூத்த பேரன் பாலிடெக்னிக் முடித்து ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறான். பெரிய பேத்தி நர்ஸ் படிப்பு முடித்து மதுரை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நடுப்பேரன் தாண்டிக்குடியில் வாத்தியார். அஞ்சாம் வகுப்போடு நின்ற இந்தக் கிழவியின் பேரன் அஞ்சாம் வகுப்புக்கே பாடம் நடத்துகிறான், பார்த்துக்கொள்ளுங்கள். கடைசிப் பேத்தி பிளஸ் டூவில் ஆயிரத்தைத் தாண்டிவிட்டாள். இன்று காலைதான் போன் வந்தது.

அவள் ஹால் டிக்கெட்டைப் பெட்டியில் வைக்கப் போனேன். நர்ஸ் பேத்தியின் பழைய ஹால் டிக்கெட் கையில் வந்தது. மூலையில் உங்கள் கட்டைவிரல் வைத்த ஜெப எண்ணெய்க் கறை. அதைப் பார்த்ததும், இருந்த சந்தோஷம் போய்க் கோபம் வந்தது. ஐந்து வருஷமாகியும் ஆறவில்லை.

எங்கள் கவுஞ்சி சபைக்கு நீங்கள் போதகராக வந்த நாளிலிருந்து உங்களை உட்கார விட்டோமா? ஞாயிறு காலை இங்கே ஆராதனை, முடிந்ததும் கூக்கால் சபைக்கு ஓட்டம். பஸ் இல்லையென்றால் காய்கறி லாரி, அதுவும் இல்லையென்றால் நடை. பூண்டு விதைக்க ஜெபம், புது ஜீப்புக்கு ஜெபம், மாடு கன்று போடவும் ஜெபம். பரீட்சை வந்தால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வரிசையில் முதலில் நிற்பவள் நான்.

"கொஞ்சம் உக்காருங்கய்யா" என்று ஒரு நாள் சொன்னேன். "ஆட்டுக்குத்தான் பாட்டி லீவு, மேய்ப்பனுக்கு ஏது?" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். இப்போது அந்தப் பேச்சை நினைத்தால் உங்கள் மேலும் கோபம் வருகிறது. புயலில் இயேசுசாமி படகில் தலையணை வைத்துத் தூங்கினார் என்று பிரசங்கம் பண்ணினது நீங்கள்தானே? உங்களுக்கு மட்டும் தலையணை ஆகாதா?

சிலோனில் நான் கொழுந்து பறித்த தேயிலைத் தோட்டத்தில், விடியுமுன் ஆள் எடுக்கும் பிரட்டு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஈவிரக்கமில்லாத கங்காணிகூட அன்றைக்கு எங்களைத் தூங்க விட்டான். ஸ்தோத்திரம் சொல்லும் நாங்கள் உங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடவில்லை.

ஒரு ஞாயிறு பீடத்திலேயே மயங்கி விழுந்தீர்கள். பிரஷர் எக்கச்சக்கம், மூன்று மாதம் படுக்கையை விட்டு எழக்கூடாது என்றார் டாக்டர். உடனே கமிட்டி கூடியது. ஐயாவுக்கு ஓய்வும் சுகமும் கிடைக்க ஏழு நாள் உபவாசக் கூட்டம் என்று முடிவானது. எல்லோரும் ஆமென் போட்டோம். யார் பிரசங்கச் செய்தி கொடுப்பது என்று கேட்டபோது, "ஐயா இருக்கையிலே வேற யாரு?" என்றார் செயலாளர். அதற்கும் ஆமென்தான்.

எந்தச் சபையிலாவது இந்தக் கூத்து நடக்குமா? உங்களுக்கு ஓய்வு கேட்டு ஜெபிக்க உங்களையே எழுப்பிக் கூட்டிவரப் போனோம், அதுவும் பட்டினியாக. உங்கள் வீட்டம்மா வாசலை மறித்து நின்றார்.

"பாட்டி, நீங்களாவது சொல்லுங்க. இவரு எந்திரிக்கவே கூடாதாம்."

அதற்கு நான் சொன்ன பதில் என் நாக்கில் இன்னும் கசக்கிறது. "கர்த்தரோட சோலிம்மா. அவரு பாத்துக்குவாரு."

அந்த அம்மா விலகி வழி விட்டார். கம்பளித் துண்டைக் கழுத்தில் சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். ஐந்தாம் நாள் கூட்டம் முடிந்ததும் நான் உங்கள் கையைப் பிடித்து இழுத்தேன். "ஒரு நிமிசம்யா, புள்ளைக்கு நாளைக்குப் பரீட்சை." சுவரில் சாய்ந்துகொண்டுதான் எண்ணெய் தொட்டு ஹால் டிக்கெட்டில் வைத்தீர்கள். அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஏழாம் நாள் முடிவு ஜெபத்தில் முழங்காலிட்ட நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. அடக்கத்தில் எல்லோரும் "ஓடி முடித்தார்" என்று பாராட்டினார்கள். "அவர் ஓடவில்லை, நாம்தான் துரத்தினோம்" என்று கத்த வேண்டும் போலிருந்தது. அதற்கும் ஆமென்தான் சொன்னேன்.

இப்போது வந்திருக்கும் போதகர் சின்ன வயசு. இளம் மனைவி, மூன்று வயதில் ஒரு பெண்குழந்தை. வந்து ஆறு மாதத்தில் கண் இரண்டும் குழிக்குள் போய்விட்டது. போன மாதம் கமிட்டி கூடியபோது கூப்பிடாமலே போய் உட்கார்ந்தேன்.

"திங்கக்கிழமை போதகர் வீட்டுக் கதவை ஒருத்தரும் தட்டக்கூடாது. வருசத்துல ஒரு வாரம் அவரை ஊருக்கு அனுப்பணும்."

"ஊழியத்துக்கு லீவு உண்டா பாட்டி? முந்தின ஐயா ஒரு நாளாவது கேட்டாரா?" என்றார் செயலாளர்.

"ஏலே, கேக்காத மனுசனைத்தான் நாம சேந்து புதைச்சோம். இன்னொருத்தரையும் புதைக்கணுமா? அப்ப குழியை நீயே வெட்டு. நான் ஆமென் சொல்ல வரமாட்டேன்."

கூட்டத்தில் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள்.

இப்போது திங்கட்கிழமைகளில் அவர் வீட்டு வாசலில் காவல் இருப்பது நான்தான். போன வாரம் ஒருவன் புது ஜீப்பை ஓட்டிக்கொண்டு ஜெபத்துக்கு வந்தான். "ஜீப்பு செவ்வாக்கிழமையும் ஓடும்ல? வெரசா வீட்டைப் பாத்துப் போ" என்றேன். உங்கள் வாசலில் செய்திருக்க வேண்டிய வேலை இது.

இன்று காலை போதகர் தன் மனைவி, மகளோடு ஒரு வாரம் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினார். "கடற்கரையிலே புள்ளையோட சும்மா உக்காந்திருக்கிற மாதிரி புது போட்டோ ஒண்ணு எடுத்துத் தபால்ல போடுங்கய்யா. அங்கி மாட்டிக்கிட்டு எடுத்தீங்கன்னா திருப்பி அனுப்பிருவேன்" என்று சொல்லியிருக்கிறேன். அதை மாட்ட, கமிட்டி உட்காரும் மேசைக்கு எதிர்ச்சுவரில் ஆணி அடித்துவிட்டேன். போட்டோ வரட்டும்.