ஆற்றோரமாகப் போகிறேன்

சைராகுல்,

டாக்டர் பெண் சொன்னபடி நடக்கப் போகிறேன். பார்லிக் கஞ்சியைக் குடித்துவிட்டேன், நாய்க்கு ஊற்றவில்லை. சர்க்கரை டப்பாவை மாவு மூட்டைக்குள் ஒளிக்காதே. நான் முதலில் அங்கேதான் தேடுவேன்.

நேற்று என்னமாய்க் கத்தினாய்! "சர்க்கரை ஏறிப் பாதம் மரத்துக் கெடக்கு. நடக்கப் போறேன்னு வீட்டுக்கு வீடு ரொட்டி தின்னுட்டு வர்றீங்களே, காலை எடுத்துட்டா யாரு சுமக்குறது?"

நான் என்ன செய்ய? பாலம் வரை ஏழு வீடு. வாசலில் ரொட்டியை நீட்டினால் ஒரு விள்ளலாவது வாயில் போடாமல் நகரக் கூடாது, நம் வழக்கம் அது. ஜிப்பார் வீட்டில் புளித்த குதிரைப்பால், அந்தக் குமிஸைக் குடித்தது மட்டும் என் தப்பு. இன்று ஆற்றோரமாகப் போகிறேன். அங்கே ஆடுகள்தான், அவை எதையும் நீட்டாது.

இன்னொன்று. கோழி இறகால் பாதத்தைத் தடவி, "தெரியுதா?" என்று நீ கேட்கும்போதெல்லாம் "தெரியுது" என்றேனே, பொய். இறகை நீ இழுக்கும்போது உன் தோள் அசைவதைப் பார்த்துச் சொன்னேன். நீ அழுதுவிடுவாய் என்றுதான்.

இன்று விடியலில் பூனை என் இடது பெருவிரலை நக்கியது. கூசியது, கிழவி! நிஜமாகவே கூசியது!

அந்த டாக்டரிடம் மூச்சு விடாதே. கஞ்சியை இரண்டு வேளையாக்கிவிடுவாள்.