கூரையில் எறியாத பல்

இன்று பல் கிளினிக் கதவைத் தள்ளியதும் ரப்பர் கையுறை வாசம் முகத்தில் அடித்தது. உன் கை வாசமடி அது. பல் மிஸியாக, அதான் பல் நர்ஸாக, இருந்தவளுக்கு எத்தனை சோப்பு போட்டும் அது போனதே இல்லை. நீ கண்மூடி ஒரு வருஷமாகிறது. என் மகள் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருக்க, எனக்கு என் சிநேகிதி உன் ஞாபகம்தான்.

அவளுக்கு ஆறு வயது முடிந்திருந்த சமயம். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட லுக்குட் ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்த நீ, சோற்றைத் தொடும் முன்பே கைப்பேசி விளக்கை அடித்து அவள் வாய்க்குள் எட்டிப் பார்த்தாய்.

"பின்னால புதுப் பல்லு நாலும் வந்திருக்குடி. நாளைக்கே கூட்டிட்டு வா, சொத்தை வராம பூச்சு வச்சிடறேன்."

"பால் பல்லுதானே? விழுந்து முளைக்கும் லா."

"அப்படியா? இது முளைக்க எந்தப் பல்லைக் கூரையில எறிஞ்ச?"

மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். அவளுக்கு விழுந்த முன்பற்களை எஸ்டேட் வழக்கப்படி கூரைமேல் எறிந்தவள் நான். கடைவாயில் எதுவும் விழவில்லையே! இந்தப் பல் சத்தமில்லாமல் பின்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. "இதுதான் கடைசிவரைக்கும் உள்ள பல்லு. போனா போனதுதான்," என்றாய். எஸ்டேட் லயத்து வீடுகளில் வளர்ந்த நம் இருவருக்கும் பத்து வயதில் சொத்தை விழுந்து பிடுங்கிப் போட்டது இதே பல்லைத்தான். நம் அம்மாக்களும் அதைப் பால் பல் என்றே நம்பியிருந்தார்கள், பாவம்.

"வலிக்காத பல்லுக்கு எதுக்கு வைத்தியம்?" என்று என் வீட்டுக்காரர் முறுக்கிக்கொண்டார். நீ விடுவாயா? "அண்ணே, மோட்டார் சைக்கிள் களவு போனப்புறந்தான் பூட்டு வாங்குவீங்களா?" மனுஷன் குனிந்து சோற்றைப் பிசைந்தார்.

மறுநாள் உன் கிளினிக்கில் ஊசியும் இல்லை, குடைச்சலும் இல்லை. பல்லைத் துடைத்துக் காயவைத்து, பள்ளத்தில் பூச்சைத் தடவி நீல விளக்கைக் காட்டினாய். எச்சில் பட்டால் ஒட்டாதாம். என் வாயாடி மகளோ பேச்சை நிறுத்தவில்லை. "வாயைத் திறன்னு சொன்னது பேசறதுக்கில்ல, ராசாத்தி!" என்றாய். பிறகு என்னை முறைத்தாய். "பூச்சு வச்சாச்சுன்னு இனிப்பு டின் பாலா ஊத்திக் குடுத்தே, தொலைச்சிடுவேன். பல்லும் விளக்கணும், பூச்சு பேந்திருக்கான்னு கொண்டாந்து காட்டவும் செய்யணும்." ஒரு முறை பேந்ததை நீயே மறுபடி வைத்தாய்.

இன்று டாக்டர் ஒவ்வொரு கடைவாய்ப் பல்லாகத் தட்டிப் பார்த்தார். "ஒரு சொத்தைகூட இல்லம்மா," என்றார். இவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. நாம் பல்லைப் பறிகொடுத்த வயதைத் தாண்டிவிட்டாளடி! அங்கேயே கத்தியிருப்பேன், வெட்கம் தடுத்தது. காருக்குள் ஏறியதும் ஓவென்று அழுதேன். சந்தோஷத்தில்தான், பயப்படாதே.

அடுத்த வாரம் பேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டேன். எங்கள் தாமான் குடியிருப்பில் சின்னப் பிள்ளை வைத்திருக்கும் பெண்களைப் பிள்ளைகளோடு வேனில் ஏற்றிக்கொண்டு, பூச்சு வைக்கக் கிளினிக்குக்குப் போகிறேன். வரமாட்டேன் என்ற ஒருத்தியை நீ அதட்டுவது போலவே அதட்டினேன், அவளும் வருகிறாள். பிடுங்கிப் போட்ட கதை நம் இருவரோடு முடிந்ததடி. ஜெயித்தது நீதான்.